முப்பதாம் நிலைக்கு மேல்

ஜூன் 4

கடையில் பெயிண்ட் கலக்கும் இயந்திரம் மறுபடி மக்கர். நாளைக்கு வருகிறேன் என்கிறான் மெக்கானிக். அவன் நாளை என்றைக்கோ.

நானும் மகளும் கணினியில் ஆடும் சண்டை விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. மகள் வேலைக்கு வெளியூர் போன பிறகு எங்களுக்குள் பேச்சு என்று இருப்பதே ஞாயிறு மாலை இந்த ஆட்டத்தில்தான். அவள் வில்லாளி, நான் கேடயக்காரன். முதல் பாகத்தில் அறுபதாம் நிலை வரை ஏறியவன். புதியதில் பழைய பலம் செல்லாது. ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், உச்சமும் முப்பதுதான். கடை வைத்தவனை மறுபடி நடைபாதையில் கூடையோடு உட்காரச் சொன்ன மாதிரி.

பதினாறாம் தேதி சேர்ந்து தொடங்கலாம் என்றாள்.

ஜூன் 15

அவளிடம் சொல்லாமல் தினமும் ஆடினேன். முப்பதைத் தொட்டாச்சு. முதலீட்டை முன்கூட்டியே போட்டுவிட்டால் பிறகு உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஜூன் 16, ஞாயிறு

என் ஒரே வெட்டில் எல்லாம் சாய்ந்தன. அவள் அம்பை நாணில் வைப்பதற்குள் எதிரி இல்லை. முதலில் சிரித்தாள். அப்புறம் வில்லைத் தாழ்த்திவிட்டாள்.

"அப்பா, இதுல நான் எதுக்குப்பா?"

உனக்கு அடிபடக் கூடாதென்றுதான், என்றேன். தலை வலிக்கிறது என்று போய்விட்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

வேலை இருக்காம்.

ஜூன் 24

மனைவியிடம் சொன்னேன். துணி மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. "கடையிலயும் இதே கதைதான். அவ அங்க இருந்தப்போ அவகிட்ட யாராவது கலர் கேட்டா நீங்க முந்திக்கிட்டு பதில் சொல்வீங்க. அவ ஏன் வெளியூர் போனான்னு நினைச்சீங்க?"

சம்பளத்துக்காக என்றல்லவா நினைத்திருந்தேன்?

தனியாக ஆடிப் பார்த்தேன். எதைக் கொன்றாலும் ஒன்றும் ஏறவில்லை. இறங்கவும் வழி இல்லை — என்ன வேலைடா பண்ணி வெச்சிருக்க? அந்த முப்பதாம் நிலைக் கேடயக்காரனை அழித்தேன். புதிதாக, ஒன்றிலிருந்து.

ஜூலை 7, ஞாயிறு

நானே கூப்பிட்டேன். கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு ஆடிக்கொண்டிருந்தாள். எந்த நிலை என்று கேட்டாள். நாலு என்றேன்.

"அப்போ வாங்க. ஆனா முன்னாடி வராதீங்க. சுவரோரமா நில்லுங்க."

நின்றேன். நெருப்பைக் கக்கும் மிருகம் ஒன்று. அவள் ஓடினாள், உருண்டாள், எழும்போதே எய்தாள். கடைசி அம்பு அவளுடையது. இத்தனை வருடம் அவளுக்கு முன்னால் கேடயத்தோடு நின்றவன், அவள் சண்டை போடுவதைப் பார்த்ததே இல்லை.

அடுத்த வாசலுக்குப் பத்தாம் நிலை வேண்டுமாம். மூவரும் உள்ளே போனார்கள். எனக்குக் கதவு திறக்கவில்லை.

"போயிட்டு வரோம்பா" என்றாள்.

சரி என்றேன். கொஞ்ச நேரம் அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.