அஞ்சலை வராத நாட்கள்

14.7.2015, செவ்வாய்

வருகைப் பதிவில் முப்பத்தோரு நாள் குறைகிறதாம். பெர்மனென்ட் லிஸ்ட்டிலிருந்து, ஆபீஸ் பெருக்கும் அஞ்சலையின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

"காய்ச்சல்லகூட வந்துகினுதாங்க இருந்தேன்" என்று அழுதாள்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றார் மேனேஜர்.

விரல் வைத்தால் வருகை பதியும் அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். கரண்டு போய், பதிவுகள் இருக்கும் டேபிள் கெட்டால் தானே சரிசெய்துகொள்ளும். படிக்க முடியாத வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். எரர் காட்டினால் திட்டு விழும் என்று நான்தான் அப்படி வைத்தேன். எங்கள் வடக்குத்து ஆபீஸில் பல நாள் மாலை ஆறு மணிக்குக் கரண்டு போகும். அப்போது கெடுவது கடைசியாகப் பதிந்த வரி. எல்லோரும் போனபின் பெருக்கிவிட்டு, கடைசியாக விரல் வைப்பவள் அஞ்சலை.

 வெளியே வந்து அவளே கேட்டாள்: "நான்தான் வெரலைச் சரியா வெக்கலியா சார்?"

"இருக்கலாம்" என்றேன்.