சேற்றில் நின்ற கொஞ்ச நேரம்

என் அன்புக்குரியவருக்கு,

நான் சாகப் போனதாகச் சிங்கப்பூரில் நம் செம்பவாங் முழுக்கப் பேசுகிறார்கள். "கான்வென்டுல படிச்ச பொம்பளைக்கு இந்தப் புத்தியா?" என்று தேக்கா சந்தையில்கூடக் கேட்டார்களாம். அது பொய் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உங்கள் திதியன்று கடலில் பூப் போடப் போனேன், அவ்வளவுதான்.

உங்கள் அஸ்தியைக் கரைக்க ஆண்கள் மட்டும் போனார்கள். எனக்குக் கிடைத்தது, பிறகு நம் மகன் கரையிலிருந்து கைநீட்டிக் காட்டிய இடம். "அந்தக் கம்புகிட்டதாம்மா, இடுப்பளவு தண்ணியில" என்றான். நான் போன காலையில் கடல் வற்றிக் கிடந்தது. கடலில் நட்ட அந்தக் கம்பு வரைக்கும் வெறும் சேறு. சேற்றிலா உங்களுக்குப் பூப் போடுவது? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாதி வழியில் முழங்கால் வரை புதைந்தது. மளிகைக்கடைக் காசிம் பாய்தான் பார்த்தார். "அக்கா! அசையாதீங்க! அங்க மீன் புடிக்கிறவனே நடக்க மாட்டான் லா!"

மலாய்க்காரர் இருவர் பலகை போட்டு என்னை இழுத்தார்கள். பாயின் மனைவி என் காலைக் கழுவிவிட்டாள். "பூவைக் கொடுத்திருந்தா எங்க ஆளுங்க சம்பான் படகுல போய்ப் போட்டிருப்பாங்களே. கேட்டா கௌரவம் கொறஞ்சுடுமா அக்கா?"

"குறையும்" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

மகன் சிரிக்கவில்லை. சிராங்கூன் சாலையில் தன் மாடி அறைக்கு வரச் சொல்கிறான். "ஒங்களத் தனியா விட்டேன்னு என்னையத்தாம்மா ஏசுறாங்க." இந்த அத்தாப்பு ஓலை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டான். என்னைக் கேட்கவில்லை. மாலையில் கப்பல் பட்டறைச் சைக்கிள்கள் இன்னும் வரிசையாக வருகின்றன. உங்களோடு வேலை செய்த மலையாளத்துக்காரர்கள் மணியடித்துவிட்டுத்தான் போகிறார்கள். அந்த மாடியில் என்னை யாருக்குத் தெரியும்?

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். கால் புதைந்ததும் நான் கத்தவில்லை. பாய் கூப்பிடும் வரை பேசாமல் நின்றேன். நீங்கள் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்ததாலா? களைப்பாலா? யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. சாக நினைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். இது அச்சில் வந்தால் மகன் படிப்பான், பிடிவாதம் கூடும். தெரிந்தேதான் எழுதுகிறேன். பாதி உண்மையைச் சொல்லி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

இனித் தனியாகக் கடலில் இறங்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

தம்பி, என் மகனே, நீயும் இதைப் படித்திருப்பாய். என்னைக் கூட்டிப்போக ஆள் அனுப்பாதே. நான் இங்கே இருக்கலாமா, கூடாதா, ஏன் என்று எழுதிப் பதில் போடு.

உங்கள் மனைவி,
அவன் அம்மா.