சம்பந்தி வீட்டு இளநீர்

மச்சாள்,

இன்று மத்தியானம் றொஷானின் வீட்டுக் கதவு திறந்ததும் ரம்பை இலை மணந்தது. ஒஸ்லோவுக்குப் பழக்கமில்லாத வெயில். ஹவுகன்ஸ்டுவாவின் அடுக்குமாடிகள் எல்லாவற்றிலும் யன்னல்கள் ஆவென்று திறந்து கிடந்தன. உங்கள் மருமகள் லான், கரும்புத் துண்டும் சோளப் பொத்தியின் நாரும் ரம்பையும் போட்டு ஒரு பானை நிறைய அவித்து, ஆறவிட்டு, ஐஸ் போட்டுக் கொண்டுவந்தாள். "உடம்புச் சூட்டுக்கு நல்லது மாமி" என்று இப்போது தமிழிலேயே சொல்கிறாள். எனக்கு அதைக் குடிக்க மனம் வரவில்லை. பிள்ளை குறை நினைப்பாளே என்று ஒரு மிடறு விழுங்கினேன். பாருங்கள், நானும் உங்களைப் போலத்தான் நடக்கிறேன்.

போன வருடம் இதே மணத்தில்தான் லானின் ஊரான சைகோனில் நாங்கள் திரிந்தோம். உங்கள் ஒரே மகன் றொஷானுக்குக் கல்யாணம். என்னுடைய அண்ணா இல்லாத குறை தெரியாமல் எல்லாம் நடக்க வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். பயணத்துக்கு முந்திய அந்தத் தவக்காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். புருசெத்தில் உங்கள் வீட்டுக் குசினி மேசையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பை இருந்தது, பாணி மருந்து அளக்கிற கோப்பை. அதில் அளந்துதான் தண்ணீர் குடித்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒறுத்தல். பெடியன்ர கலியாணம் நல்லா நடக்க வேணும் எண்டு நேர்ந்தனான்" என்றீர்கள். நம்பினேன். எங்கள் சனத்தில் தவக்காலத்துக்கு ஒருவர் இறைச்சியை விடுவார், ஒருவர் தேத்தண்ணீரை விடுவார். நீங்கள் தண்ணீரை விட்டீர்கள் என்று கோயிலில் நாலு பேருக்குப் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன, தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னது டொக்டர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உயிர்த்த ஞாயிறு முடிந்தது. ஒறுத்தலும் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். தண்ணீரை மறுக்க உங்களுக்கு இருந்த ஒரே சாட்டும் அதோடு போயிற்று.

சைகோன் வெயில் மண்டையைப் பிளந்தது. லானின் தாய், ஒஸ்லோவில் பென்சன் எடுத்துக்கொண்டு தன் ஊருக்கே திரும்பிவிட்ட மனுசி, விமான நிலையத்திலேயே உங்கள் கையைப் பிடித்தவர் பிறகு விடவே இல்லை. நீங்கள் இருவரும் உடைந்த நோர்வேஜியனில் கதைத்துச் சிரித்ததைக் கேட்டால் நோர்வேக்காரர் அழுதிருப்பார்கள். அவருக்கு அன்பைக் காட்டத் தெரிந்த வழி ஒன்றுதான், குடிக்கக் கொடுப்பது. தெருமுனையில் கரும்பு பிழிகிற வண்டியைக் கண்டால் நிற்பார். கரும்பு மெஷினுக்குள் நொறுங்கி வரும்போது சின்னஞ்சிறிய தோடங்காய் ஒன்றையும் சேர்த்துப் பிழிவார்கள், அந்தப் புளிப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. கோப்பிக்கடையில் கட்டியான ரின்பாலின் மேல் சொட்டுச் சொட்டாக வடிகிற கோப்பி. உப்பில் ஊறிய தேசிக்காயை நசித்துச் சோடா விட்ட ஒன்று, ஊறுகாயைக் குடிக்கிற மாதிரி. எனக்கு எல்லாம் கொண்டாட்டமாக இருந்தது. நீங்கள் கிளாஸை வாங்குவதற்கு முன் ஒரு கணம் அதையே பார்ப்பீர்கள். அந்தப் பார்வை எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"வேண்டாமெண்டால் விடுங்கோவன் மச்சாள்" என்றேன் ஒருநாள்.

"சம்பந்தி வீட்டில தாற கையைத் தட்டக் கூடாது. நீர் பேசாமல் குடியும்" என்றீர்கள்.

அவ்வளவு வெயிலிலும் சேலையைக் குதிக்கால் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தீர்கள். அங்கே ஒரு புத்த கோயிலில் செருப்பைக் கழற்றியபோது கணுக்காலைக் கண்டேன். வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. "பிளேன் வீக்கம்" என்று முடித்துவிட்டீர்கள். இரவில் அறையில் படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து இருந்தீர்கள். அதற்கும் ஏசியில் பழி.

இளநீரில் மட்டும் நீங்கள் தயங்கவே இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் வதைக்கிறது. மற்றதெல்லாவற்றையும் பயந்து பயந்து குடித்த நீங்கள், இளநீரை ஆசையோடு கேட்டு வாங்கினீர்கள். ஊரில் நோயாளிக்கு முதலில் சீவிக் கொடுப்பது இளநீர்தானே, உள்ளுக்குள் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று நீங்களும் நம்பினீர்கள். இவருக்கு இதுதான் பிடிக்கும் என்று கண்டுகொண்ட சம்பந்தி, கல்யாணத்தன்று உங்களுக்கென்றே ஒரு குலை இறக்கி வைத்திருந்தார். தன் கையாலேயே சீவிக் கொடுத்தார். உங்கள் இருவரையும் நான் எடுத்த படத்தில் நீங்கள் ஒரு பெரிய இளநீரைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு சிரிக்கிறீர்கள். முகம் ஊதியிருக்கிறது.

திரும்பி வரும் விமானத்தில் உங்கள் விரல்கள் குளிர்ந்து போயின. றொஷானும் லானும் அங்கேயே ஊர் சுற்ற நின்றுவிட்டார்கள். விமான நிலையத்தில் இருந்து நேரே ஆசுப்பத்திரிக்கு உங்களைக் கொண்டுபோனவள் நான்தான். அங்கே ஒரு இளம் டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினாள்: சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரும் கரும்புச்சாறும் நஞ்சு மாதிரி, இரத்தத்தில் உப்பொன்று ஏறி இதயத்தை நிறுத்திவிடும். நீங்கள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"பெடியனுக்குச் சொல்லிப் போடாதையும். லானின்ர தாய் அறிஞ்சால், தன்ர கையால குடுத்தது எண்டு செத்துப் போவா."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய? பிறகு யாரோ கேட்டதுபோல நீங்களாகவே, "அப்பாவுக்கும் இதுதான் வந்தது. சின்னண்ணைக்கும் இதுதான்" என்றீர்கள். அடுத்த நாள் விடிய முன்னர் இதயம் நின்றுவிட்டது. றொஷானுக்கு அதைத்தான் சொன்னேன், இதயம் நின்றுவிட்டது என்று. அது பொய்யும் இல்லை. செத்தவீட்டுக்கு வந்த சம்பந்தி உங்கள் பெட்டியைத் தடவித் தடவி அழுதார். ஆசையாசையாய்க் குடிச்சவ, ஆசையாசையாய்க் குடிச்சவ என்று நோர்வேஜியனில் எல்லோருக்கும் சொன்னார். அவர் வீட்டுப் பீடத்தில் உங்கள் படத்துக்கு முன்னால் இப்போதும் ஒரு இளநீர் வைக்கிறாராம்.

அந்த மனுசிக்காக நான் சாகும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் இன்று உங்கள் மகன் லான் தந்ததைக் குடித்து முடித்துவிட்டு நெற்றியை அழுத்திக்கொண்டு சோபாவில் சாய்ந்தான்.

"என்னடா?"

"ஒரே தலையிடி மாமி. குடும்ப டொக்டரிட்டைப் போனனான். பிறசர் சரியான கூடவாம். இந்த வயசில ஏனெண்டு அவருக்கும் விளங்கேல்லையாம். குடும்பத்தில ஆருக்கும் ஏதும் வருத்தம் இருந்ததோ எண்டு கேட்டவர். இல்லையெண்டு சொன்னனான்."

லான் ஏழாம் மாத வயிற்றோடு குசினியில் பானை கழுவிக்கொண்டிருந்தாள். அவனைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் அப்பாவை, உங்கள் சின்னண்ணையை, அந்தக் கோப்பையை, டொக்டர் சொன்னதை. நாளைக்கே போய் இரத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்றேன். உங்களுக்குத் தந்த வாக்கை முறித்துவிட்டேன் மச்சாள். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கோபமென்றால் கோபியுங்கள்.

அம்மாவுக்கு வலித்ததா என்று றொஷான் கேட்டான். இல்லை என்றேன். பிறகு குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னான்:

"லானுக்கு இப்ப சொல்ல வேண்டாம் மாமி. முதல்ல பிள்ளை பிறக்கட்டும்."

உங்கள் அதே குரல். முகத்தில் உங்கள் அதே மரியாதை. என் பதிலுக்காக அவன் காத்து நின்றான். நான் தலையாட்டவில்லை மச்சாள். கதவைத் திறந்து லானைக் கூப்பிட்டேன்.