அப்பா பெயரில் கூப்பிடுகிறார்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. போனில் பேசினால் நீ உடனே ஸ்பீக்கரில் போட்டு அப்பா காதருகே வைத்துவிடுகிறாய். நல்ல மனசுதான், ஆனால் இது அவர் காதில் விழக்கூடாது. அதனால் பேப்பரில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். வெளியே போய்த் தனியாகப் படி. அம்மாவிடமும் காட்டாதே.

டிக்கெட் போட்டாச்சா என்று தினமும் கேட்கிறாய். பாஸ்போர்ட் கையில் இல்லாமல் எந்த டிக்கெட்டைப் போடுவது?

குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கிறோம் என்று இங்கே குடியேற்ற ஆபீஸில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தார்கள். இரண்டே வாரம் என்றார்கள். அந்த இரண்டு வாரம் முடிந்து மழைக்காலமே வந்து போய்விட்டது. நடுவில் ஆபீஸை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கே லிஃப்ட் இருக்கிறது, ஓடாது. டோக்கன் மெஷின் இருக்கிறது, அதற்குப் பேப்பர் ரோல் வரவில்லை. அதனால் வாசலில் காவலாளி எங்கள் புறங்கையில் பேனாவால் நம்பர் எழுதிவிடுகிறார். நான் வேலை பார்க்கும் லாண்டரியில் ஹோட்டல் விரிப்புகளை ஈரத்தோடு சூடான உருளையில் விட்டுத் தேய்த்துவிட்டு அப்படியே ஓடுகிறேனா, கை வியர்த்து நம்பர் அழிந்துவிடும். அழிந்தால் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். இப்போதெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், வகுப்பில் பதில் தெரிந்த பையன் மாதிரி.

இதெல்லாம் பழகிவிட்டது. மோசம் போனது வேறு இடத்தில்.

நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பெயருக்கு முன்னால் அப்பாவுடைய முதல் எழுத்து, அவ்வளவுதான். இவர்களுக்கு அது போதவில்லை. வந்த புதிதில் அந்த எழுத்து என்ன என்று கேட்டார்கள், அப்பா பெயரைச் சொன்னேன். அதையே குடும்பப் பெயராக்கி முதலில் போட்டுவிட்டார்கள். என் பெயர் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து எல்லாரும் என்னை அப்பா பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். சூப்பர்வைசர் கத்தும்போது அப்பாவைத் திட்டுவது போல இருக்கும், பற்றிக்கொண்டு வரும். போகப் போக, அவர் கூடவே இருக்கிற மாதிரி ஒரு தைரியமும் வந்தது. அதுவே காலை வாரிவிடும் என்று யார் கண்டார்கள்.

நீ அலையாய் அலைந்து டாக்டரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கி அனுப்பினாயே, அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நாள் அதிகம் இல்லை, மகனை உடனே அனுப்புங்கள் என்று, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்ட்டரில் இருந்த அம்மாள் படித்ததும் முகம் இளகி, அவசரம் என்று சிவப்பு முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார். எனக்கு உயிர் வந்தது. ரூமுக்கு வந்து பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன்.

உள்ளே யாரோ ஒரு புண்ணியவான் அதில் நோயாளியின் பெயரைப் பார்த்திருக்கிறார். என் ஃபைலில் முதலில் இருப்பதும் அதே பெயர். டாக்டர் எழுதிய வயதைப் பார்க்கவில்லை, மகன் என்று எழுதியதைப் படிக்கவில்லை. நோயாளி நான்தான் என்று முடிவுசெய்துவிட்டார். ஆக, அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போய் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேனாம். அட்டையை ரத்துசெய்து ஃபைலை மூடிவிட்டார்கள். அவசர முத்திரை இருந்ததால் இந்த ஒரு வேலை மட்டும் ஒரே நாளில் நடந்தது. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

நேற்று அந்த அம்மாளிடம் போய், நான் இதோ நிற்கிறேனே என்றேன். என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். நீங்கள் நிற்பது எனக்குத் தெரிகிறது, ஆனால் நாட்டில் இல்லாதவருக்கு இந்தக் கவுண்ட்டரில் ஒன்றும் செய்ய முடியாது என்றார். இருப்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். என்ன ஆதாரம் என்றால் பாஸ்போர்ட். அது எங்கே என்றால் மூடின ஃபைலில். மூடின ஃபைல்கள் பழைய கட்டடத்தில் கிடக்கின்றன, அதன் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் குரலை உயர்த்தினேன். காவலாளி வந்து தோளில் கை போட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தார்.

நம் தூதரகத்திலும் கேட்டேன். தொலைந்த பாஸ்போர்ட்டுக்குத்தான் மாற்று தருவோம், உங்களுடையது தொலையவில்லையே என்றார்கள். அது தங்களிடம் இருக்கிறது என்று அந்த ஆபீஸ் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாமாம். நானே இல்லை என்கிறவர்கள் எதை எழுதிக் கொடுப்பார்கள்?

ரூமில் கூட இருப்பவரை வக்கீல் என்று கூப்பிடுவோம். தேய்ப்பது பாத்திரம், பேசுவதெல்லாம் சட்டம். எதற்கும் ஒரு வழி சொல்லுகிற அவரே, "இதுல நாம பண்றதுக்கு ஒண்ணுமில்லப்பா, மேல்மனு போட்டு வை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். போட்டிருக்கிறேன். பதில் மூன்று மாதத்தில் தபாலில் வருமாம். எந்த விலாசத்துக்கு என்று கேட்டேன். ஃபைலில் உள்ள கடைசி விலாசத்துக்கு, அதாவது அப்பா படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு.

மூன்று மாதம். டாக்டர் உன்னிடம் வாரக்கணக்கில் பேசுகிறார்.

இனி சொல்வதைக் கோபப்படாமல் கேள். அப்பாவுக்கு இப்போது உருவம்தான் தெரிகிறது, முகம் தெரியவில்லை என்றாய். பெரியவன் வந்துட்டானா என்று கதவுப் பக்கமே திரும்பிப் படுக்கிறார் என்றாய். உன் குரலும் என் குரலும் ஒன்று, போனில் அம்மாவே எத்தனையோ முறை ஏமாந்திருக்கிறாள். ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டுத் திரும்பி வா. நீ அவரை வா, போ என்பாய், நான் வாங்க, போங்க என்பேன். அதை மட்டும் மாற்றிக்கொள். வாசலில் நின்று, "அப்பா, நான் வந்துட்டேன், சாப்டீங்களா" என்று கேள். நான் எப்போதும் அப்படித்தான் கேட்பேன். கையைத் தேடினால் உன் கையைக் கொடு. சின்னவன் எங்கே என்பார், மருந்து வாங்கப் போயிருக்கிறான் என்று சொல்.

பொய் சொல்கிறோமே என்று உனக்கு உறுத்தினால், இங்கே இருக்கிற ஃபைலை நினைத்துக்கொள். அதில் நான் அங்கேதான் இருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் தம்பி. எனக்காக இதைச் செய். அவர் கதவுப் பக்கம் திரும்பியிருக்கும்போதே உள்ளே போ.

என்றும் உன்
அண்ணன்