எல்லாரும் தலையாட்டிய வகுப்பு

கிளாஸ்கோ,
நவம்பர் 9, 2006

அன்புள்ள ஐஸ்லாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், அங்கே நியூசிலாந்தில் நீயும் உன் பேக்கரியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் மழையில் நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை. எனக்குத்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நேற்று சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன், "என்ன மோய்ரா, கடல் தண்ணியக் குடிக்கிற மாதிரி இருக்கு" என்கிறார் அப்பா.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தில் நான் நடத்தும் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் மாணவர் ஒவ்வொருவருக்கும் டிவி ரிமோட் மாதிரி ஒரு சின்னக் கருவி கொடுத்திருக்கிறார்கள். நான் கேள்வி கேட்டால் பொத்தானை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும், யார் எதை அழுத்தினார் என்று தெரியாது, மொத்த எண்ணிக்கை மட்டும் திரையில் வரும். இது என்ன டிவி போட்டியா என்று துறையில் சண்டைகூடப் போட்டேன். சரி, சுலபமாக ஒன்று கேட்டு முடித்துவிடலாமென்று, மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன்மேல் விசை உண்டா என்று கேட்டேன். அதைத்தான் அப்போது விளக்கியிருந்தேன், புரிந்ததா என்றதற்கு அத்தனை தலையும் ஆடியது. திரையைப் பார்த்தால் இருநூற்றுப் பத்துப் பேரில் நூற்றைம்பது பேர் விசையே இல்லை என்று அழுத்தியிருக்கிறார்கள். பூமி இழுப்பதை ஒரு கணம் நிறுத்திக்கொள்ளுமா என்ன. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். வேறு வழி தெரியாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மறுபடி அழுத்துங்கள் என்றேன். கூடமே சந்தையாகிவிட்டது. முன்வரிசையில் ஒருவன், "அதான் நின்னுடுச்சுல்ல, அப்புறம் என்ன விசை" என்றான், பக்கத்துப் பெண், "விசை இல்லேன்னா அங்கேயே தொங்கணும்டா மக்கு, ஏன் கீழ வருது" என்றாள். பத்தொன்பது வருஷமாக நான் சொன்னதைவிட அது தெளிவாக இருந்தது. இரண்டாம் தடவை நூற்றெழுபது பேர் சரியாக அழுத்தினார்கள்.

"அப்புறம் என்ன, ஜெயிச்சுட்டியே" என்கிறார் அப்பா. எனக்கு உட்கார முடியவில்லை, நடந்துகொண்டே இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் தலையை ஆட்டிவிட்டுப் புரியாமலே வெளியே போனார்களோ. நீயும் ஒரு வருஷம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாய், கேட்டபோதெல்லாம் தலையாட்டினாய். தேர்வில் தவறியதும் சோம்பேறி, அக்கறை இல்லாதவள் என்று நான் பேசிய பேச்சுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் பெட்டியைக் கட்டினாய். ஐஸ்லா, அன்றைக்கு உனக்குப் புரிந்ததா? அம்மா மனசு நோகுமே என்று பார்க்காதே. சோம்பேறி என்றது என் தப்பு, நீ என்ன பதில் எழுதினாலும் அது தப்புத்தான்.

அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு, கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இதற்குப் போன் மட்டும் செய்யாதே, போனில் நீ சரிம்மா சரிம்மா என்றுதான் சொல்வாய். தாளில் எழுது.

உன் அம்மா,
மோய்ரா