எனக்கு மட்டும் உயரும் தடுப்புக் கம்பு

என் உயிர் அண்ணே,

மூச்சு முட்டி நீ இறந்துபோன பிறகு இங்கே நடப்பதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன். இதை மற்றவர்களும் படிக்கக்கூடும். அதனால் பாலத்தின் பெயரை எழுதவில்லை, ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன், இன்னும் சிலதையும் மாற்றியிருக்கிறேன். எந்தப் பாலம் என்று உனக்குத் தெரியும். தையல் கம்பெனிப் பெண்களை வேலைக்கு ஏற்றிக்கொண்டு நீ ஓட்டிய ஃபெரி பஸ் தினமும் போய்வந்த பாலம்.

அதன் இந்தக் கரையில் இப்போது, ஆட்சியைப் பிடித்த பர்மிய ராணுவம் போட்ட மணல் மூட்டைகள், முள்கம்பி, குறுக்கே ஒரு தடுப்புக் கம்பு. பஸ்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. பெண்கள் இறங்கி, ஒரு கையில் அடையாள அட்டையும் மறு கையில் திறந்த ஃபோனுமாக வரிசையில் நிற்கிறார்கள். சிப்பாய் ஃபோனை வாங்கி, விரலால் தள்ளித் தள்ளிப் படங்களைப் பார்க்கிறான். கல்யாணப் படம், குளிக்கிற குழந்தையின் படம், எல்லாவற்றையும். பிடிக்காதது ஏதாவது கண்ணில் பட்டால் அந்த ஆள் ஓரமாகக் குந்தி உட்கார வேண்டும். சிலர் திரும்பி வருகிறார்கள். சிலரை வண்டியில் ஏற்றுகிறார்கள். வரிசையில் ஒரு சத்தம் இருக்காது. பஸ்ஸில் பாட்டை நிறுத்தினால் உன்னோடு சண்டைக்கு வந்த பிள்ளைகள்தானே இவர்கள்?

நான் அந்த வரிசையில் நிற்பதில்லை, அண்ணே.

பசுந்தாங் பேட்டையில் நம் வீட்டில் இட்லி அவித்து, தள்ளுவண்டியில் வைத்து, அக்கரையில் கம்பெனி வாசலுக்குக் கொண்டுபோகிறேன். காவல் போட்ட புதிதில் சார்ஜண்ட் என் பானையைத் திறந்து பார்த்தான். ஒரு இட்லியைச் சாம்பாரில் முக்கித் தின்றான். "கலாமா, நாளைக்கும் இங்க நிறுத்திட்டுப் போ" என்றான். நம் இந்தியப் பெண்களைக் கேவலமாகக் கூப்பிடும் அந்தச் சொல்லுக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரிங்க சயா" என்று மரியாதை வைத்துச் சிரித்தேன். அன்று முதல் என் வண்டியைக் கண்டாலே கம்பு உயர்கிறது. இலை போட்டு, பரிமாறி, வரிசையைக் கடந்து போகிறேன். மழையில் நனைந்துகொண்டு நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்காமலிருக்க, சக்கரத்தைப் பார்த்தபடி தள்ளுவேன்.

மா சூவை நினைவிருக்கிறதா? அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். உன் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வருவாளே, அவள்தான். நம் பேச்சு புரியும், பதில் மட்டும் பர்மியத்தில் வரும்; அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். ஒரு காலையில் தெரு முனையில் என் வண்டியை நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, உங்களை அவங்க சோதிக்க மாட்டாங்க. என் ஃபோனை அந்தப் பக்கம் கொண்டுவந்து குடுப்பீங்களா? வரிசையில காட்ட வேற ஒரு பழைய ஃபோன் வச்சிருக்கேன்."

"அதுல என்னம்மா இருக்கு?"

"என் தம்பி இருக்கான். இவங்களை எதிர்த்துச் சண்டை போடக் காட்டுக்குப் போயிட்டான். அவன் படம் வேற எங்கயும் இல்ல. அழிக்க மனசு வரல."

"ரூம்லயே வச்சிட்டு வரலாமில்ல?"

"அங்கயும் வந்து தேடுறாங்க."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஊலே இருந்தா அவர்கிட்டக் குடுத்திருப்பேன்" என்றாள். உன்னை அவர்கள் மாமா முறை வைத்துக் கூப்பிட்டது அப்படித்தானே. ஃபோனை வாங்கி வாழை இலைக் கட்டுக்குள் செருகினேன்.

கம்புக்கருகில் அன்று ஒருவரைக் குந்த வைத்திருந்தார்கள். நரைத்த தலை, கையில் சோற்றுத் தூக்கு. சார்ஜண்ட் அவர் மேல் ஒரு கண் வைத்தபடியே வந்து, தானே இலையை உருவக் கை நீட்டினான்.

"ஐயோ சயா, அது கழுவாத இலை! நான் எடுத்துத் தர்றேன், உக்காருங்க" என்றேன். சிரிப்பு எப்படி வந்ததென்றே தெரியவில்லை. கொஞ்சிக்கூடப் பேசினேன். அவன் உட்கார்ந்தான். அந்தப் பெரியவரைப் பார்த்துக்கொண்டே என் இட்லியைத் தின்றான்.

அக்கரையில் மா சூ ஃபோனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நாளையிலருந்து நானும் வரிசையில நிக்கிறேன்மா. அவங்களுக்கு ஊட்டிவிட்டுட்டு உங்களைத் தாண்டிப் போறது வெக்கமா இருக்கு" என்றேன்.

அவள் கோபப்பட்டாள். "நீங்க நின்னா எங்களுக்கு என்ன ஆகப்போகுது ஆன்ட்டி? வரிசைதான் இன்னும் நீளும். உங்க வெக்கம் தீரும், அவ்வளவுதான். நீங்க அந்த வழியாவே போங்க."

இத்தனை நாள் வெட்கப்பட்டதைக்கூட ஒரு நல்ல குணமென்று நினைத்து வந்திருக்கிறேன். அதுவும் எனக்காக மட்டும்தானா?

அதற்கப்புறம் அவள் தோழிகளும் வந்தார்கள். அவர்கள் ஃபோன்களையும் வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் சார்ஜண்ட் கை துடைத்துக்கொண்டே கேட்டான்: "தினமும் இவளுகளோட பேசுறியே. எவ வீட்டு ஆள் காட்டுக்குப் போயிருக்கான்னு காதுல விழுந்தா சொல்லு."

"எங்கிட்ட என்ன பேசுவாங்க சயா? சட்னி தண்ணியா இருக்குன்னு திட்டுவாங்க" என்றேன். அவன் சத்தமாகச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கம்பு உயர்ந்தது. வரிசையிலிருந்த ஒரு பெண், என் வயதிருக்கும், என் சக்கரத்துக்குப் பக்கத்தில் காறித் துப்பினாள். என்னைப் பார்த்தே துப்பினாள். நாங்கள் சிரித்தது அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் தப்பாக நினைத்தாள் என்று எப்படிச் சொல்வேன்? சிரித்தது உண்மை. அவர்கள் தின்றது என் கைச்சோறு. இலைக்கட்டில் இருந்ததை மட்டும் அவளிடம் காட்ட முடியாது.

மா சூவிடம் சொன்னேன். "அவங்க அப்படியே நினைக்கட்டும் ஆன்ட்டி. அதுதான் நமக்குக் காவல்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களில் ஊசி குத்திய தழும்புகள்.

நீயாக இருந்தால் எப்படிச் செய்திருப்பாய், அண்ணே? சிரிக்காமல் கடத்தியிருப்பாயா? எனக்கு அந்தத் திறமை இல்லை. தூக்கோடு குந்தியிருந்த அந்தப் பெரியவரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. யாரிடம் விசாரிப்பது என்றும் தெரியவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தப் பெண்கள் ஃபோனை நீட்டும்வரை நான் மாட்டேன் என்று சொல்லமாட்டேன். துப்பினவளிடம் என்னை நல்லவள் என்று காட்டிக்கொள்ளப் போகமாட்டேன். ஆனால் நாளையிலிருந்து சக்கரத்தைப் பார்த்துத் தள்ளமாட்டேன். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் போவேன். துப்புகிறவர்கள் என் முகத்தைப் பார்த்தே துப்பட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி