பழைய கப்ளிங்

மாமாவுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், நடுக்கடலில் இன்ஜின் ஓடியும் போட் நகரவில்லை என்று அர்த்தம். இல்லாவிட்டால் டூல் பெட்டியின் அடிவரைக்கும் நீங்கள் தேட மாட்டீர்கள்.

முதலில் இன்ஜினை நிறுத்தி, நங்கூரம் போடுங்கள்.

சாக்கில் சுற்றியிருப்பது, இன்ஜினையும் புரொப்பல்லர் தண்டையும் பிணைக்கிற நம் பழைய கப்ளிங்தான். ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு, "ஒட்டுப்போட்ட சாமான நம்பி நான் கடலுக்குப் போவணுமா?" என்று நீங்கள் குப்பையில் எறிந்ததேதான். மறுநாளே கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் என் அண்ணனின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தேய்ந்து அகன்றிருந்த நான்கு ஓட்டைகளையும் வெல்டிங்கால் அடைத்து, கடைந்து, புதிதாகத் துளை போட்டுக் கொடுத்தார். "மச்சான்கிட்ட சொல்லிடு" என்றார். எப்படிச் சொல்வது? நீங்கள் என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது.

நீங்கள் வாங்கிய புதுசை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன். விரிசல் விட்ட பானை மாதிரி சத்தம் வந்தது. அன்றைக்கே சொன்னேன். "பொம்பளைக்கு இன்ஜினப் பத்தி இன்னா தெரியும்?" என்றீர்கள். அதுதான் கடைசிப் பேச்சு.

உடைந்த புதுசைக் கழற்றிவிட்டு இதை மாட்டுங்கள். உங்களோடு போட்டில் வந்திருக்கும் குப்பு அண்ணனைத் தண்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். அவசரப்படாதீர்கள்.

புதுசு நன்றாக உழைக்க வேண்டும், இந்தக் கடிதம் பெட்டியிலேயே மட்கிப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இதை வைக்கிறேன். நீங்கள் படித்துக்கொண்டிருந்தால் நான் ஜெயித்துவிட்டேன். அந்த ஜெயம் எனக்கு வேண்டாம். கரைக்கு வந்து, ஏன் ஒளித்துவைத்தாய் என்று எல்லார் முன்னாலும் என்னைத் திட்டுங்கள்.

திட்டினாலும் பேச்சுதானே.

உங்கள் வீட்டுக்காரி